மீடியத்தின் குட்டை உடைத்தால் அம்மா திருந்திவிடுவாரா?

கேள்வி: அண்ணன் விபத்தில் இறந்து ஒரு வருடம் ஆகிறது. ஆவிகளோடு பேசுவதாகச் சொல்லும் ஒரு பெண்ணிடம் (மீடியம் என்கிறார்கள்) அம்மா அடிக்கடி போகிறார். வீட்டில் மட்டும் அண்ணனைக் கூப்பிடும் செல்லப்பெயரை அந்தப் பெண் சொல்லிவிட்டாராம். சேமிப்பு கரைகிறது. எல்லோர் முன்னிலையிலும் அவர் குட்டை உடைத்தால் அம்மா மாறுவாரா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் குட்டு உடைந்தவுடன் நம்பிக்கையும் போய்விடும் என்று எதிர்பார்க்காதீர்கள். 1848இல் நியூயார்க் மாநிலத்தில் ஃபாக்ஸ் சகோதரிகள், ஆவி தங்களுக்குத் தட்டும் ஓசையில் பதில் சொல்வதாகக் காட்டினார்கள். மீடியம் மோகம் பரவியது அங்கிருந்துதான். 1888இல் அவர்களில் ஒருவரான மேகி மேடையேறி, கால்விரல் மூட்டைச் சொடுக்கித்தான் அந்த ஓசையை எழுப்பினோம் என்று செய்தே காட்டினார். பணத்துக்காகப் பொய் சொல்கிறார் என்றார்கள் நம்பியவர்கள். மறு வருடம் மேகியே தன் வாக்குமூலத்தைத் திரும்பப் பெற்றார். மீடியம்களின் தொழில் நடந்துகொண்டேதான் இருந்தது.

சரி, செல்லப்பெயர் எப்படித் தெரிந்தது? அமெரிக்காவில் மீடியமாக இருந்து விலகிய லாமர் கீன், 1976இல் உள்ளே நடப்பதையெல்லாம் போட்டுடைத்தார். வருகிறவர்களைப் பற்றிக் குறிப்பெடுத்து மீடியம்கள் தங்களுக்குள் பரிமாறிக்கொள்வார்கள். இருட்டில் கைப்பையையும் துழாவுவார்கள். இன்று அவ்வளவு சிரமமே வேண்டாம். இணையத்தில் அண்ணனின் படத்துக்குக் கீழே உறவினர்கள் எழுதிய இரங்கல் வரிகள் போதும். அம்மாவே பேச்சுவாக்கில் சொல்லிவிட்டு மறந்திருக்கவும் கூடும்.

மறந்திருப்பார் என்று நான் சொல்வது அவரைக் குறைத்து அல்ல. 1880களில் இங்கிலாந்தில் எஸ். ஜே. டேவி என்பவர், சிலேட்டில் ஆவி எழுதுவதாகச் சொல்லப்பட்ட வித்தையைத் தானே பழகிக்கொண்டு பலர் முன் நடத்தினார். பார்த்ததை எழுதித் தரச் சொன்னார். நன்றாகப் படித்தவர்கள்கூட முக்கியமான நிகழ்வுகளை விட்டுவிட்டும், முன்னே நடந்ததைப் பின்னே மாற்றியும் எழுதியிருந்தார்கள். மனித நினைவு அப்படித்தான் வேலை செய்கிறது. துக்கத்தில் இருக்கும் மனம், பொருந்தியதைப் பிடித்துக்கொண்டு பொருந்தாததை விட்டுவிடும்.

அதனால் அம்மா போய்வந்த அன்றே, விவாதம் எதுவும் இல்லாமல், அந்தப் பெண் சொன்னதையெல்லாம் அவரோடு சேர்ந்து எழுதிவையுங்கள். தவறாகச் சொன்னதையும் சேர்த்து. ஒலிப்பதிவு செய்ய அனுமதித்தால் இன்னும் நல்லது. அப்புறம், 'இது அண்ணன் பேசுகிற மாதிரி இருக்கிறதா, அம்மா?' என்று கேளுங்கள். மாயவித்தைக்காரர் ஹூடினி, போலி மீடியம்களை அம்பலப்படுத்துவதையே தன் கடைசி வருடங்களின் வேலையாக வைத்துக்கொண்டவர். 1922இல், ஷெர்லாக் ஹோம்ஸ் கதைகளை எழுதிய கோனன் டாயிலின் மனைவி, ஹூடினியின் இறந்துபோன தாயிடமிருந்து வந்ததாகப் பக்கம் பக்கமாக எழுதிக் கொடுத்தார். எல்லாம் ஆங்கிலம், தொடக்கத்தில் சிலுவைக்குறி. அந்தத் தாயோ யூத மதகுருவின் மனைவி, ஆங்கிலம் சரியாகத் தெரியாதவர். ஹூடினியும் தாயின் குரலுக்காக ஏங்கியவர்தான். அந்த எழுத்தில் அவரால் தாயை அடையாளம் காண முடியவில்லை. உங்கள் அண்ணனை அம்மாவைவிட நன்றாகத் தெரிந்தவர் யாரும் இல்லை. அந்தக் கேள்விக்கு அவரே விடை தேடட்டும். நேரம் எடுக்கும், அவசரப்படுத்தாதீர்கள்.

இன்னொன்றும் யோசித்துப் பாருங்கள். வீட்டில் அண்ணன் பேச்சை எடுத்தால் அம்மா அழுவார் என்று நீங்கள் எல்லோரும் தவிர்க்கிறீர்களா? அப்படியானால் அவரைப் பற்றிப் பேச அம்மாவுக்கு அந்தப் பெண்ணின் அறையைத் தவிர வேறு இடம் இல்லை. நீங்களே பேச ஆரம்பியுங்கள்.

பணத்தில் மட்டும் தயங்க வேண்டாம். பெரிய தொகை எதையும் இருவரும் சேர்ந்துதான் எடுப்பது என்று இப்போதே பேசி முடிவுசெய்யுங்கள். அண்ணனின் ஆவி தவிக்கிறது, பரிகாரத்துக்கு இவ்வளவு வேண்டும் என்று அந்தப் பெண் கேட்டால், ரசீதுகளையும் ஒலிப்பதிவையும் எடுத்துக்கொண்டு நேராகக் காவல்துறைக்குப் போங்கள்.