லினோ ப்ரிண்ட்ல ஒளிவட்டமும் புகையும் ஒண்ணா கலந்துடுதுன்னு கேட்டவருக்கு

மாதா மாதிரி ஒரு அம்மா, பின்னாடி போராட்டக் கூட்டம், கண்ணீர்ப்புகை, லினோலியம் தகட்ட வெட்டி இங்க் தடவி ப்ரிண்ட் எடுத்தா ஒளிவட்டமும் புகையும் ஒரே வெள்ளைத் திட்டா வருதுன்னு சொல்றீங்க. இங்க் மேல தப்பில்லங்க, ரெண்டையும் ஒரே உளியால வெட்டியிருப்பீங்க. ஒளிவட்டத்தோட கதிர்கள வி வடிவ முனை இருக்கற உளியால மெல்லிசா நேர்கோடா இழுங்க, புகைய யூ வடிவ உளியால துண்டு துண்டா, நடுவுல கருப்பு நிக்கற மாதிரி. ஏற்கனவே நிறைய வெட்டியாச்சுன்னா பேப்பர் ஸ்டென்சில் வச்சு வட்டத்துக்கு மட்டும் முதல்ல மஞ்சள் அடிச்சு, காய்ஞ்சதும் மேல கருப்பு எடுங்க. இனி வெட்டறதுக்கு முன்னாடி ப்ரூஃப் (சோதனை ப்ரிண்ட்) மேல வெள்ளை பெயிண்ட்ல வரைஞ்சு பாருங்க, நான் அத செய்யாம ஒரு பிளாக்கையே குப்பைல போட்டவன்.

ஆனா ஒளிவட்டம் அவ்ளோ பெருசா வேணுமா? 1919 ஜனவரில கொல்லப்பட்ட ஜெர்மன் சோஷலிஸ்ட் தலைவர் கார்ல் லீப்க்னெக்ட்டுக்காக ஜெர்மன் கலைஞர் கேத்தே கோல்விட்ஸ் செஞ்ச மரக்கட்டை ப்ரிண்ட்டப் பாருங்க, செத்தவர் படுத்திருக்காரு, தொழிலாளிங்க அவர் மேல குனிஞ்சு நிக்கறாங்க, அந்த நிலையே சிலுவைலேருந்து இறக்கின இயேசுவைச் சுத்தி அழற பழைய படங்கள ஞாபகப்படுத்திடும். கோல்விட்ஸும் எட்சிங் (உலோகத் தகட்ட அமிலத்தால அரிச்சு எடுக்கறது), லித்தோ (கல்லுல வரைஞ்சு எடுக்கறது)ன்னு முட்டிமோதிட்டுத்தான் மரத்துக்கே வந்தாங்க.

அப்புறம், ப்ரிண்ட்ல எல்லாம் இடவலம் மாறி வருமே, கூட்டத்துல இருக்கற பதாகை எழுத்த திருப்பிப் போட்டுத்தானே வெட்டினீங்க?