பன்னிரண்டு மாதத்துக்குக் கணக்குப் போடுங்கள், தம்பி

காரிமங்கலத்துத் தம்பி ஒருவர் கேட்டிருந்தார். பால் தொழில்நுட்பத்தில் பி.டெக். முடித்தவர். அமெரிக்காவின் தெற்கு டகோட்டா மாநிலத்தில், புரூக்கிங்ஸ் என்ற சின்ன ஊரில் இருக்கும் அரசுப் பல்கலைக்கழகத்தில் எம்.எஸ். இடம் கிடைத்திருக்கிறது. "பட்டிக்காட்டுக் காலேஜுக்கா நிலத்தை அடமானம் வைக்கணும்னு அப்பா தயங்குறார். செலவு கட்டுப்படியாகுமா? முடியலைன்னா அங்கே யாரு இருக்கா?" என்பது கேள்வி.

தம்பி, நான் பாலக்கோட்டுக்காரி. அதே ஊரில்தான் படித்தேன். இப்போது அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் ஒரு சீஸ் ஆலையில் தரக்கட்டுப்பாட்டில் இருக்கிறேன்.

முதலில் அந்தப் பட்டிக்காடு விஷயம். 1862-இல் அமெரிக்க அரசு ஒரு சட்டம் போட்டு, விவசாயமும் பொறியியலும் சொல்லித்தரும் கல்லூரிகளுக்காக மாநிலங்களுக்கு நிலம் ஒதுக்கியது. அந்த வழியில் 1881-இல் வந்தது இந்தப் பல்கலைக்கழகம். மாடும் வயலும் இருக்கிற இடத்தில் அது இருப்பதுதான் முறை. ஐ-29 நெடுஞ்சாலை ஓரமெல்லாம் பால் பண்ணையும் சீஸ் ஆலையும்தான். பல்கலைக்கழகத்துக்குள்ளேயே பால் ஆலை இருக்கிறது, மாணவர்களே ஐஸ்கிரீம் செய்கிறார்கள். உங்கள் படிப்புக்குப் பெரிய நகரத்தில் இது எளிதில் கிடைக்காது. இதை அப்பாவிடம் தைரியமாகச் சொல்லுங்கள்.

அடுத்து பணம். மாணவர் விசாவுக்காகப் பல்கலைக்கழகம் அனுப்பும் ஐ-20 படிவத்தின் முதல் பக்கத்தில் செலவு மதிப்பீடு இருக்கும். அதன் மேலே எத்தனை மாதத்துக்கு என்று ஒரு எண் அச்சாகியிருக்கும். பல இடங்களில் அது 9. நான் அதைக் கவனிக்கவில்லை. மே மாதம் வகுப்பு முடிந்தபின் வந்த மூன்று மாத வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் கையில் ஒன்றுமில்லை. அம்மாவின் வளையல் அடகுக்குப் போனது அந்தக் கோடையில்தான். அதனால் வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் அந்த 9-ஐ 12 ஆக்கிக் கணக்குப் போடுங்கள். போகும்முன் கட்டவேண்டிய செவிஸ் (வெளிநாட்டு மாணவர்களுக்கான அமெரிக்க அரசின் பதிவு) கட்டணம் 350 டாலர், விசா விண்ணப்பம் 185 டாலர், அப்புறம் விமான டிக்கெட், இதெல்லாம் தனி. மருத்துவக் காப்பீடு அந்த மதிப்பீட்டுக்குள் இருக்கிறதா என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள்.

வேலை பார்த்துக் கட்டிவிடலாம் என்று ஏஜென்ட் சொன்னால் நம்பாதீர்கள். வகுப்பு நடக்கும் காலத்தில் வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரம்தான் அனுமதி. 2025-இல் அந்த மாநிலத்தில் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 11.50 டாலர். வாரத்துக்கு 230 டாலர் என்றால் அரிசி பருப்புக்கும் வாடகைக்கும் ஓரளவு உதவும், கல்விக் கட்டணத்துக்கு எட்டாது. கட்டணச் சுமையைக் குறைக்கக்கூடியது ஆராய்ச்சி உதவியாளர் இடம், அதாவது பேராசிரியரின் ஆராய்ச்சியில் சம்பளத்துக்கு வேலை பார்ப்பது. அதைப் பேராசிரியரிடம்தான் கேட்கவேண்டும். இன்றைக்கே துறையின் இணையப் பக்கத்தைத் திறந்து, யார் எதில் ஆராய்ச்சி செய்கிறார் என்று படித்து, உங்கள் ப்ராஜெக்ட்டோடு ஒட்டுகிற மூன்று பேருக்குத் தனித்தனியாக எழுதுங்கள். ஒரே கடிதத்தை முப்பது பேருக்கு அனுப்பாதீர்கள். சின்ன துறை என்பதால் அவர்களே படித்துப் பதில் போடுகிறார்கள். எனக்கு இரண்டாவது செமஸ்டரில் அப்படித்தான் கிடைத்தது. அது வராமல் நிலத்தை அடமானம் வைக்கவேண்டாம் என்பேன். சேர்க்கையை அடுத்த செமஸ்டருக்குத் தள்ளிப்போட முடியுமா என்று கேட்பதில் தப்பில்லை.

உதவிக்கு யார் இருக்கிறார்கள் என்றீர்கள். இருக்கிறார்கள், ஆனால் நாம் போய்க் கேட்பதில்லை. முதல் குளிர்காலத்தில் எனக்குக் கடும் காய்ச்சல். ரூம்மேட் பயந்துபோய் ஒரு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குக் கூட்டிப்போனாள். நான்கு மணி நேரம் காத்திருந்து இரண்டு மாத்திரை வாங்கினேன். மூன்று வாரம் கழித்து பில் வந்தது, என் இரண்டு மாத வாடகையைவிட அதிகம். அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு சர்வதேச மாணவர் அலுவலகத்துக்குப் போய் அழுதேன். அங்கே வேலை பார்க்கும் ஒரு அம்மா முதலில் டீ போட்டுக் கொடுத்தார். அப்புறம் ஜன்னல் வழியே எதிர்க் கட்டடத்தைக் காட்டினார். மாணவர் மருத்துவமனை. அங்கே டாக்டரைப் பார்க்க நான் கட்டிய கட்டணத்திலேயே பணம் சேர்ந்திருக்கிறது. தினமும் அதைத் தாண்டித்தான் வகுப்புக்குப் போயிருக்கிறேன். பில்லைத் தவணையாக்கிக் கொடுத்ததும் அவர்தான்.

கட்டுரை எழுதச் சொல்லித்தரும் மையம், மனச்சோர்வுக்குப் பேச ஆலோசகர், வேலைக்கு ரெஸ்யூமே திருத்தித்தரும் இடம், எல்லாம் அப்படித்தான். போன முதல் வாரமே ஒவ்வொரு கதவையும் தட்டி, என்ன இலவசம், எதற்குக் காசு என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

குளிர் மைனஸ் 25 டிகிரிக்கும் கீழே போகும். கோட்டும் பூட்ஸும் பெங்களூரில் வாங்காதீர்கள், அது தாங்காது. நம்ம ஊர்ச் சாமானுக்கு சூ ஃபால்ஸ் என்ற பக்கத்துப் பெரிய நகரத்துக்குப் போகவேண்டும். கிருஷ்ணகிரியிலிருந்து பெங்களூர் தூரம்தான், ஆனால் நினைத்தபோது ஏற பஸ் கிடையாது. கார் வைத்திருக்கும் சீனியரோடு சேர்ந்து மாதம் ஒரு முறை போவார்கள். கேழ்வரகு மாவு மட்டும் இரண்டு கிலோ கொண்டுவாருங்கள். ஜனவரியில் களி கிண்டிச் சாப்பிடும்போது தெரியும்.

ஐ-20 வந்ததும் அப்பாவைப் பக்கத்தில் உட்காரவைத்து அந்த முதல் பக்கத்தை வரி வரியாகத் தமிழில் சொல்லுங்கள். புரியாத வரி இருந்தால் எனக்கு எழுதுங்கள், அப்பாவிடம் நானே பேசுகிறேன்.