பால் பிரித்த பன்றிக் குட்டிகளுக்கு எந்த எண்ணெய்?

கேள்வி: ஈரோடு பக்கம் வெண்பன்றி வளர்க்கிறேன். 45 நாளில் பால் பிரித்த குட்டிகளுக்கு உடம்பு ஏறட்டும் என்று, பலகாரக் கடையில் மிஞ்சும் எண்ணெயை அரிசித் தவிட்டோடு கலந்து கொடுக்கிறேன். சில நாளிலேயே கழிச்சல் வந்துவிடுகிறது. தேறினாலும் நோஞ்சானாகவே இருக்கின்றன. தீவனத்தில் எண்ணெய் சேர்ப்பதே தப்பா ஐயா?

பதில்: எண்ணெய் சேர்க்கலாம். நீங்கள் சேர்க்கும் எண்ணெய்தான் ஆகாது.

பன்றிக் குட்டி நோய் எதிர்ப்பு இல்லாமலேயே பிறக்கிறது. முதல் நாள் குடிக்கும் சீம்பால்தான் அதற்குக் காவல். மூன்று, நான்கு வாரத்திலிருந்து அந்தக் காவல் தேய்ந்துகொண்டே வரும், குட்டியின் சொந்த எதிர்ப்பு மெதுவாகத்தான் உருவாகும். இந்த இடைவெளியில்தான் நாம் பாலையும் பிரிக்கிறோம். பாலில் இருந்த எளிதில் செரிக்கும் கொழுப்பு நின்றுபோகிறது. குடலின் உட்சுவர் சுருங்கி, கொழுப்பைச் செரிக்கும் நொதியும் ஒன்றிரண்டு வாரத்துக்குக் குறைந்துவிடுகிறது.

அந்த நேரத்தில் பலமுறை காய்ந்த எண்ணெய் உள்ளே போனால், அதிலுள்ள சிதைந்த கொழுப்புப் பொருட்கள் குடல் சுவரைப் புண்ணாக்கும், வைட்டமின் ஈ-யையும் தின்று தீர்க்கும். வைட்டமின் ஈ-யும் செலினியம் என்ற தாதுவும்தான் எதிர்ப்பு அணுக்களைச் சிதையாமல் காப்பவை. அவை குறைந்தால் தடுப்பூசி போட்டும் முழுப் பலன் கிடைக்காது. வாடை வரவில்லையே என்று நம்பிவிடாதீர்கள். சூட்டில் ஆவியாகிற வாடை போன பிறகும் கெடுதல் எண்ணெயிலேயே தங்கியிருக்கும்.

தவிட்டையும் கவனியுங்கள். பச்சரிசித் தவிட்டில் 12 முதல் 20 சதவீதம் வரை எண்ணெய் உண்டு. அரைத்த நேரத்திலிருந்தே அதிலுள்ள நொதி கொழுப்பைப் பிரிக்க ஆரம்பித்துவிடும், சில நாளில் சிக்கு வாடை அடிக்கும். புழுங்கலரிசித் தவிட்டில் அவித்ததால் அந்த நொதி செத்திருக்கும், ஆனாலும் மாதக் கணக்கில் மூட்டையில் கிடந்தால் அதுவும் கெடும். அரைத்த வாரத்துக்குள் தீர்த்துவிடுங்கள், முடியாவிட்டால் எண்ணெய் நீக்கிய தவிடு வாங்குங்கள்.

எந்த எண்ணெய் என்றால், பால் பிரித்த முதல் இரண்டு வாரத்துக்குத் தேங்காய் எண்ணெய் நல்லது. அதன் கொழுப்பில் ஏறக்குறைய பாதி லாரிக் அமிலம் என்ற கொழுப்பு வகை. இளங்குட்டிக்கு எளிதில் செரிக்கும், சில கெட்ட கிருமிகளையும் அடக்கும். விலைதான் கட்டுப்படியாகாது. ஆகவே அந்த இரண்டு வாரத்துக்கு மட்டும் 100 கிலோ தீவனத்துக்கு 2 கிலோ போதும், அப்புறம் புதிய சோயா எண்ணெய்க்கு மாறலாம். தேங்காய்ப் புண்ணாக்கு போட்டால் பூஞ்சை பிடித்ததைத் தொடவே வேண்டாம், பூஞ்சை நஞ்சும் எதிர்ப்பைக் கெடுக்கும். சூரியகாந்தி எண்ணெயில் ஒமேகா-6 என்ற கொழுப்பு வகை மிக அதிகம், அழற்சியைத் தணிக்க உதவும் ஒமேகா-3 இல்லையென்றே சொல்லலாம். அதை மட்டுமே கொடுத்தால் உடம்பில் அழற்சியைத் தூண்டும் பொருட்களுக்குத்தான் மூலப்பொருள் சேரும். ஆளி விதை கிடைத்தால், ஈனுவதற்குச் சில வாரம் முன்பிருந்து தாய்ப் பன்றிக்கே கொஞ்சம் கொடுங்கள். ஒமேகா-3 பால் வழியாகக் குட்டிக்குச் சேரும். மீன் எண்ணெயும் நல்லதுதான். ஆனால் விற்கப்போகும் பன்றிக்குக் கடைசிவரை கொடுத்தால் இறைச்சியில் மீன் வாடை அடிக்கும், வாங்குகிறவர் முகம் சுளிப்பார்.

வைட்டமின் ஈ, செலினியம் இரண்டும் உள்ள தாதுஉப்புக் கலவையாகப் பார்த்து, பையில் எழுதியுள்ள அளவில் மட்டும் சேருங்கள். செலினியம் கொஞ்சம் கூடினாலும் நஞ்சு.

எண்ணெயை மாற்றி ஒரு வாரத்தில் கழிச்சல் நிற்காவிட்டால் காரணம் கிருமியாக இருக்கலாம், சாணத்தைப் பரிசோதனைக்குக் கொடுங்கள். நன்றாகத் தேறிய குட்டி திடீரென்று செத்தால் புதைக்கும் முன் கால்நடை மருத்துவரைக் கூப்பிட்டு இதயத்தையும் கல்லீரலையும் பார்க்கச் சொல்லுங்கள். வைட்டமின் ஈ, செலினியம் குறைவு அங்கேதான் தெரியும்.