காலையில் அடம்பிடிக்கும் மானிட்டர்

கேள்வி: கோத்தகிரியில் ஜெராக்ஸ், டிடிபி கடை வைத்திருக்கிறேன். 2006-ல் வாங்கிய 17 அங்குல எல்சிடி மானிட்டர். காலையில் சுவிட்சைப் போட்டால் பச்சை விளக்கு விட்டு விட்டு எரிகிறது. படம் இரண்டு நொடி வந்து அணைந்துவிடுகிறது. வெயில் ஏறினால் தானாகச் சரியாகிவிடும். இப்போது மதியம் வரை இழுக்கிறது. குளிர்தான் காரணமா? ராத்திரி பிளாஸ்டிக் உறை போட்டு மூடுகிறேன், அது சரியா?

பதில்: குளிர்மேல் பழி போட வேண்டாம். நல்ல மானிட்டருக்குக் கோத்தகிரி டிசம்பர் ஒரு பொருட்டே இல்லை. உங்கள் மானிட்டரில் பெரும்பாலும் பவர் போர்டில் உள்ள எலக்ட்ரோலைட்டிக் கெபாசிட்டர்கள் (மின்சாரத்தைத் தேக்கிக் கொடுக்கும் உருளைகள்) போயிருக்கும். அவற்றுக்குள் ஒரு திரவம் உண்டு. வருடம் ஓட ஓட அது வற்றும், உள்தடை கூடும். குளிரில் அந்தத் தடை இன்னும் எகிறும். சூடு ஏறியதும் கொஞ்சம் இறங்கும், மானிட்டரும் எழுந்துகொள்ளும். மேட்டுப்பாளையத்தில் இருந்திருந்தால் இதே மானிட்டர் இன்னும் சில மாதம் சத்தமில்லாமல் ஓடியிருக்கும். மலையில் நோய் முன்கூட்டியே தெரிகிறது, அவ்வளவுதான். 2000-களின் முற்பகுதியில் தரம் கெட்ட கெபாசிட்டர்கள் உலகம் முழுக்கப் பரவியிருந்தன. உங்களுடையதும் ஏறக்குறைய அந்தக் காலத்துச் சரக்குதான்.

திறக்கும் முன் இரண்டு சோதனை. படம் அணைந்ததும் கடை விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சைத் திரைக்குப் பக்கத்தில் சாய்வாகப் பிடித்துப் பாருங்கள். எழுத்துகள் மங்கலாகத் தெரிந்தால் திரை நன்றாக இருக்கிறது, பின்விளக்கு மட்டும் அணைகிறது என்று அர்த்தம். அடுத்து, மறுநாள் காலையில் பின்பக்கக் காற்றுத் துளைகள் வழியாக ஹேர் டிரையரில் மிதமான சூட்டை இரண்டு மூன்று நிமிடம் காட்டுங்கள். உடனே படம் அணையாமல் நின்றால் பெரும்பாலும் கெபாசிட்டர்தான்.

சால்டரிங் பழக்கம் இருந்தால் மேலே படியுங்கள். இல்லாவிட்டால் ஊரில் டிவி ரிப்பேர் பார்ப்பவரிடம் கொடுத்து, 'கெபாசிட்டர் மட்டும் மாற்றிக் கொடுங்கள்' என்று சொன்னால் போதும். ஒருவேளை உங்களுடையது குண்டு டியூப் மானிட்டராக இருந்திருந்தால் திறக்கவே வேண்டாம் என்றிருப்பேன். அதில் 20,000 வோல்ட்டுக்கு மேல் இருக்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் தங்கியிருக்கும்.

எல்சிடியிலும் ஒரு எமன் உண்டு. பவர் போர்டில் கட்டைவிரல் தடிமனில் 400 அல்லது 450 வோல்ட் என்று எழுதிய பெரிய கெபாசிட்டர். நம் 230 வோல்ட் அதில் சுமார் 325 வோல்ட் டிசி ஆக நிற்கும். பிளக்கைப் பிடுங்கிக் கொஞ்ச நேரம் விட்டுவிடுங்கள். அப்புறம், பின்மூடியைக் கழற்றியதும் (வழி கீழே), ஹோல்டரில் மாட்டிய 100 வாட் குண்டு பல்பின் இரண்டு வயர்களையும் அதன் கால்களில் வைத்து மிச்சத்தை இறக்குங்கள். கை உலோகத்தில் படக்கூடாது. மல்டிமீட்டர் பூஜ்ஜியத்துக்குப் பக்கத்தில் காட்டினால்தான் கையை உள்ளே விட வேண்டும். ஸ்க்ரூ டிரைவரால் ஷார்ட் அடிக்கும் வீரம் வேண்டாம்.

மானிட்டரைக் கம்பளிமேல் குப்புறப் போட்டு, ஸ்டாண்டைக் கழற்றி, பின்மூடியின் கிளிப்புகளைப் பழைய ஏடிஎம் கார்டால் நெம்புங்கள். பின்விளக்குக்குப் போகும் வயர்களைக் கனெக்டரைப் பிடித்துத்தான் இழுக்க வேண்டும். போர்டில் சின்னக் கெபாசிட்டர்களின் தலையைப் பாருங்கள். தட்டையாக இருக்க வேண்டிய உச்சி அப்பளம்போல் உப்பியிருக்கும், சிலதில் பழுப்பு நிறக் கசிவும் இருக்கும். உப்பியதை மட்டும் மாற்றினால் பக்கத்தில் இருப்பது ஆறு மாதத்தில் போகும். அதனால் பெரியதை விட்டுவிட்டு மற்றவை எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள். உப்பாமலே வற்றிப்போனவையும் இருக்கும்.

வாங்கும்போது மைக்ரோஃபாரட் அதே அளவு, வோல்ட் அதே அளவு அல்லது கொஞ்சம் கூடுதல், 105 டிகிரி வரை சூடு தாங்குவது, லோ ஈஎஸ்ஆர் (உள்தடை குறைந்தது). இந்த நான்கையும் கேட்டு வாங்குங்கள். 85 டிகிரி சரக்கைத் தள்ளிவிடப் பார்ப்பார்கள், வாங்காதீர்கள். உயரத்தையும் அளந்துகொள்ளுங்கள், உயரம் கூடினால் மூடி மூடாது. பக்கவாட்டுப் பட்டை உள்ள கால் மைனஸ். போர்டில் உள்ள அடையாளம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், ஆகவே கழற்றும் முன் போனில் ஒரு படம் எடுத்துவிடுங்கள்.

இதையெல்லாம் மாற்றியும் இரண்டு நொடியில் அணைகிறதா? அப்படியானால் பின்விளக்குக் குழாய்கள் தேய்ந்திருக்கும், அல்லது அவற்றுக்கு மின்சாரம் தரும் இன்வெர்ட்டர் பகுதி போயிருக்கும். இது வீட்டில் பேட்டரியோடு இருக்கும் இன்வெர்ட்டர் இல்லை, பவர் போர்டிலேயே ஓர் ஓரம். குழாய் மாற்றுவது மெல்லிய கண்ணாடி வேலை, உள்ளே பாதரசமும் இருக்கிறது. இருபது வருட மானிட்டருக்கு அந்தச் செலவு தேவையில்லை. பழைய எல்இடி மானிட்டர் ஒன்றை வாங்கிவிடுங்கள். காலையில் முதல் ஒன்றிரண்டு நிமிடம் திரை மங்கலாக, லேசாகச் சிவந்து இருப்பது மட்டும் குறையல்ல. அந்தக் குழாய்கள் குளிரில் அப்படித்தான்.

உறை விஷயம்: பிளாஸ்டிக் வேண்டாம். ஐப்பசி மழையில் ஈரம் உள்ளேயே அடைபட்டு, போர்டில் பூஞ்சை பிடிக்கும். மெல்லிய பருத்தித் துணி போதும், அதுவும் சூடு ஆறிய பிறகு. இடி இடிக்கும் நாளில் மூடுவதைவிட பிளக்கைப் பிடுங்குவது முக்கியம்.