ஏஜென்ட் வாங்கித் தரும் ரீஃபண்ட் உங்களுக்கு வேண்டாம்

கேள்வி: கோவையில் ஒரு தனியார் நிறுவனத்தில் வேலை செய்கிறேன். 2025-26-ல் சம்பளம் 12,40,000 ரூபாய். பிஎஃப், மெடிக்ளைம் எல்லாம் இருப்பதால் ஆபீஸில் பழைய வரிமுறையைக் கேட்டேன். 1,20,000 ரூபாய்க்கு மேல் டிடிஎஸ் பிடித்துவிட்டார்கள். வாங்கி ஆறே மாதத்தில் விற்ற பங்குகளில் 30,000 ரூபாய் லாபம். பிடித்த வரி முழுவதையும் வாங்கித் தருகிறேன், 10 சதவீதம் கமிஷன் என்கிறார் ஒரு ஏஜென்ட். நம்பலாமா? புதிய வருமான வரிச் சட்டம் எனக்குப் பொருந்துமா?

பதில்: நம்பாதீர்கள். அந்தப் பணத்தில் பெரும்பகுதி நேர்வழியிலேயே உங்களுக்கு வரவேண்டியது.

ஆபீஸில் எதைச் சொல்லியிருந்தாலும், சம்பளக்காரர் ரிட்டர்ன் போடும்போது வரிமுறையை மாற்றிக்கொள்ளலாம். கழிவுகளும் விகிதமும் குறைவாக உள்ள புதிய முறையில், சம்பளக்காரர் எல்லோருக்கும் உள்ள நிலைக்கழிவு 75,000 போக உங்கள் சம்பள வருமானம் 11,65,000. பங்கு லாபத்தைச் சேர்த்தாலும் 12 லட்சத்தைத் தாண்டவில்லை. அதுவரை வரி முழுவதும் தள்ளுபடி என்பதால் சம்பளத்துக்கு வரி பூஜ்யம்.

ஆனால் அந்த 30,000 ரூபாய்க்குத் தள்ளுபடி கிடையாது. '12 லட்சம் வரை வரியே இல்லை' என்று கேட்டவர்கள் இடறுவது இங்கேதான். குறுகிய கால பங்கு லாபத்துக்குத் தனி விகிதம், 20 சதவீதம். செஸ்ஸோடு (வரியின் மேல் போடும் கூடுதல் வரி) 6,240 ரூபாய். அது போக மீதி டிடிஎஸ் முழுவதும் திரும்பி வரும்.

ஏஜென்ட் செய்வது வேறு. பழைய முறையில் வரி இல்லாமல் ஆக்க வருமானத்தை 5 லட்சத்துக்குக் கொண்டுவர வேண்டும். அதற்கு இல்லாத வீட்டு வாடகை, கொடுக்காத கட்சி நன்கொடை, வாங்காத கல்விக்கடன் வட்டி என்று எழுதுவார். கூடவே வருமான வரி போர்ட்டலில் தன் மொபைல் எண்ணையும் ஏதோ ஒரு இமெயிலையும் போட்டுவிடுவார். நோட்டீஸ் அங்கே போகும், உங்களுக்குத் தெரியவே தெரியாது. 2025 ஜூலையில் இந்த மாதிரி ஆட்களைத் தேடி நாடு முழுக்க 150 இடங்களில் சோதனை நடந்தது. பொய்க் கணக்குக்கு ஏய்த்த வரியைப் போல இரண்டு மடங்கு வரை அபராதம் உண்டு. கட்டப்போவது நீங்கள், கமிஷன் வாங்கியவர் இல்லை. பாஸ்வேர்டைக் கொடுத்திருந்தால் இன்றே மாற்றுங்கள்.

புதிய சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் ஈட்டும் வருமானத்துக்குத்தான். இந்த ரிட்டர்ன் 1961-ஆம் ஆண்டுச் சட்டப்படியே. 819 பிரிவுகளை 536 ஆக்கினோம் என்கிறது அரசு; இரண்டு வரிமுறைகளும் அப்படியே நிற்கின்றன. ஒன்றை நீக்கியிருந்தால் இந்த ஏஜென்டுக்குப் பிழைப்பே இருந்திருக்காது. அரசின் செலவுப் பக்கமும் அதே கதைதான். 12 லட்சம் வரை வரி இல்லை என்ற இந்த வரிக்குறைப்பால் சுமார் 1 லட்சம் கோடி வருவாய் போகும் என்று 2025 பட்ஜெட் சொன்னது. அரசு செலவிடும் ஒவ்வொரு ரூபாயிலும் 20 காசு வட்டிக்கே போகிறது. செலவைக் கட்டுப்படுத்தாமல் வரியை எளிமையாக்குகிறோம் என்றால், விட்டதை வேறு மூலையில் பிடிக்கத்தான் பார்ப்பார்கள். பங்கு லாபத்துக்குத் தள்ளுபடி இல்லை என்று அதே பட்ஜெட்டில் எழுதி வைத்ததை அப்படித்தான் பார்க்கிறேன்.

சரி, உங்கள் வேலைக்கு வருவோம். பங்கில் குறுகிய கால லாபம் இருப்பதால் ஐடிஆர்-1 ரிட்டர்ன் படிவம் ஆகாது, ஐடிஆர்-2 போடுங்கள். 'புதிய முறையிலிருந்து வெளியேறுகிறீர்களா' என்ற கேள்விக்கு 'இல்லை' என்று குறியுங்கள். ஆபீஸ் தரும் டிடிஎஸ் சான்றிதழான ஃபார்ம் 16-ஐயும், போர்ட்டலில் உங்கள் வருமான விவரம் இருக்கும் ஏஐஎஸ்ஸையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஜூலை 31-க்குள் தாக்கல் செய்து, அப்புறம் 30 நாளுக்குள் ஆதார் ஓடிபி மூலம் இ-வெரிஃபை செய்துவிடுங்கள்.