அடுத்தவர் பாட்டு

அன்புள்ள அக்கா,

கோவையில் ஒரு மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசிக்கிறேன். அவ்வப்போது ரெக்கார்டிங்குக்கும் கூப்பிடுவார்கள். நீங்கள் ஒரு கட்டுரையில் போகிறபோக்கில் குறிப்பிட்ட ஆங்கிலேயப் பியானோக்காரர் நிக்கி ஹாப்கின்ஸைத் தேடிக் கேட்டேன். ரோலிங் ஸ்டோன்ஸ், பீட்டில்ஸ், தி ஹூ, கிங்க்ஸ் என்று பெரிய ராக் குழுக்கள் எல்லாவற்றுக்கும் வாசித்திருக்கிறார். ஆனால் கடைசிவரை அடுத்தவர் பாட்டுக்கு வாசித்தே காலம் போய்விட்டதே. தனக்கென்று ஒரு பாணி இல்லாததுதான் காரணமோ? அப்பாவும் இதையே சொல்லித்தான் என்னைத் திட்டுகிறார். நான் எல்லா வகை இசையும் பழகுவதா, ஒன்றில் மட்டும் ஆழமாகப் போவதா? புதுக் கீபோர்டு வாங்கவும் ஒரு யோசனை சொல்லுங்கள்.

அன்புள்ள தம்பி,

கீபோர்டு விஷயத்தை உங்கள் குழுவின் மூத்தவர்களிடம் கேளுங்கள். அப்பாவின் கோபத்தை அப்பாவிடமே பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள். ‘அடுத்தவர் பாட்டு’ என்று எழுதியிருக்கிறீர்களே, அதற்காகத்தான் இந்தப் பதில். கொஞ்ச நாளாகவே மனதில் ஓடிக்கொண்டிருக்கிற விஷயம் இது.

முதலில், பாணி இல்லை என்பதை எந்தக் காதால் கேட்டீர்கள்? 1968-ல் பீட்டில்ஸ் பதிவுசெய்த ‘ரெவல்யூஷன்’ தனித்தட்டை மறுபடி போடுங்கள். கிடாரை நேராக மிக்சிங் மேசையில் செருகி, காது கிழிகிற இரைச்சலாக்கி வைத்திருக்கிறார்கள். அதற்கு நடுவே மின்பியானோ எப்படித் துள்ளி வருகிறது பாருங்கள். அப்புறம் ஸ்டோன்ஸின் ‘ஆங்கி’. அதற்கும் அப்புறம் 1974-ல் ஜோ காக்கர் பாடிய ‘யூ ஆர் ஸோ பியூட்டிஃபுல்’. அதில் ஹாப்கின்ஸ் வாசிப்பதே கொஞ்சம்தான். மூன்றிலும் ஒரே மனிதர். பாடுகிறவர் மூச்சு விடுகிற இடம் பார்த்து வலது கை மேலே ஏறும், குரல் வந்ததும் ஒதுங்கிக்கொள்ளும். இதைப் பாணி இல்லை என்றால் வேறு எதைப் பாணி என்பீர்கள்? அவசரமாகக் கேட்டுவிட்டு அவசரமாக எழுதாதீர்கள்.

அவர் ஏன் ஒரு குழுவில் நிலைக்கவில்லை என்பதற்கு உடம்பும் ஒரு காரணம். லண்டன் பெரிவேலில் 1944-ல் பிறந்தவர், ராயல் அகாடமி ஆஃப் மியூசிக்கில் முறையாகப் பியானோ படித்தவர். 1963-ல், பத்தொன்பது வயதில், குரோன்ஸ் என்கிற குடல்நோய் அவரைச் சாய்த்தது. ஒன்றரை வருடத்துக்கு மேல் படுக்கை. எழுந்து வந்தபோது ஊர் ஊராக அலைகிற தெம்பு இல்லை. அதனால்தான் ஸ்டுடியோ. அப்படியும் அந்த உடம்போடு 1969-ல் ஜெஃபர்சன் ஏர்ப்ளேன் குழுவுடன் வுட்ஸ்டாக் இசைவிழா மேடையில் உட்கார்ந்தார், 1972-ல் ஸ்டோன்ஸுடன் அமெரிக்கா முழுக்கச் சுற்றினார். 1994-ல் நாஷ்வில்லில் இறந்தபோது வயது ஐம்பது. இத்தனையும் தெரிந்தால் ‘காலம் போய்விட்டதே’ என்று எழுதக் கை வருமா, தம்பி?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். சென்னையில் ஒரு சின்ன ஸ்டுடியோவில், தெரிந்தவர் ஒருவரின் ரெக்கார்டிங்கில் ஓரமாக உட்கார்ந்திருந்தேன். கீபோர்டு வாசிக்க வந்தவர் முன்னால் ஒரு தாள். அதில் பென்சிலால் எழுதிய கார்டுகள், அதாவது சேர்ந்து ஒலிக்கிற ஸ்வரக்கூட்டங்களின் பெயர்கள், மட்டும். பல்லவிக்கு முன்னால் எட்டு பார், அதாவது எட்டு தாளச் சுற்று, காலி. இசையமைப்பாளர் மைக்கில், “இங்கே ஏதாவது போடுங்க சார்” என்றார். இவர் ஒன்று வாசித்தார், வேண்டாம். இன்னொன்று, அதுவும் வேண்டாம். மூன்றாவதாகக் கண்ணை மூடிக்கொண்டு ஒன்று வாசித்தார். “அதேதான்!” பாட்டு வெளியானதும் ஜனங்கள் வரிகளுக்கு முன்னால் அந்த எட்டு பாரைத்தான் முணுமுணுத்தார்கள். இசைத்தட்டின் உறையில் அவர் பெயர் இல்லை. அன்றைய சம்பளத்தோடு கணக்கு முடிந்தது. எனக்கு அந்த வயிற்றெரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

அந்த எட்டு பார் யாருடையது, சொல்லுங்கள்.

ஸ்டோன்ஸின் ‘ஷீ இஸ் எ ரெயின்போ’ 1967-ல் வந்தது. ஹாப்கின்ஸின் பியானோவில், மேல்ஸ்தாயியில், ஒரு சின்ன வட்டம் சுற்றிச் சுற்றி வரும். அதை எடுத்துவிட்டுப் பாட்டை நினைத்துப் பாருங்கள், என்ன மிஞ்சுகிறது? 1999-ல் ஆப்பிள் நிறுவனம் வண்ண வண்ண ஐமேக் கணினிகளுக்கு அந்தப் பாட்டைத்தான் விளம்பரத்தில் போட்டது. பாட்டை எழுதியவர்கள் என்று இருப்பவை ஜாகர், ரிச்சர்ட்ஸ் என்ற ஸ்டோன்ஸ்காரர்களின் இரண்டே பெயர்கள். மெட்டும் சொல்லும் போட்டவர் ஆசிரியர், அந்த மெட்டை நம் மனதில் ஒட்டவைத்தவர் கூலிக்கு வந்தவர். இந்தப் பிரிவினையை நான் ஒருநாளும் ஏற்கமாட்டேன்.

நீதிமன்றமே ஏற்காத சந்தர்ப்பம் உண்டு. புரோகால் ஹாரம் குழுவின் ‘எ ஒய்ட்டர் ஷேட் ஆஃப் பேல்’ பாட்டில் ஆர்கன் வாசித்தவர் மேத்யூ ஃபிஷர். 1967-ல் வந்த பாட்டுக்கு 2005-ல் வழக்குப் போட்டார். அடுத்த வருடம் லண்டன் உயர் நீதிமன்றம், அவரும் அந்த இசையின் ஆசிரியர்தான், 40 சதவீதப் பங்கு உண்டு என்றது. 2008-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம், இவ்வளவு தாமதமாக வந்தவருக்குப் பணம் கிடையாது என்று பங்கைப் பறித்தது. 2009-ல் அன்றைக்கு அங்கே உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை அதைத் திருப்பிக் கொடுத்தது. ஃபிஷர் குழுவின் உறுப்பினர், ஹாப்கின்ஸ் வெளியிலிருந்து வந்தவர் என்பீர்கள். இருக்கட்டுமே. ஆர்கனில் புதிதாக ஒரு மெட்டை உருவாக்கினாரா என்பதுதான் அங்கே கேள்வி.

பெயர் போடுவதால் யாருக்கும் எதுவும் குறைந்துவிடாது. 1969-ல் ‘கெட் பேக்’ தட்டில் ‘பீட்டில்ஸ், பில்லி பிரெஸ்டனுடன்’ என்றே அச்சிட்டார்கள். பிரெஸ்டன் அதில் மின்பியானோ வாசித்தவர். பீட்டில்ஸின் புகழ் அதனால் மங்கிவிட்டதா என்ன? ஹாப்கின்ஸை ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் என்கிற கௌரவப் பட்டியலில் சேர்த்ததோ 2025-ல், அவர் இறந்து 31 வருடம் கழித்து.

எதைப் பழகுவது என்று கேட்டீர்கள். எல்லாவற்றையும் பழகுங்கள். நம் பதிப்புரிமைச் சட்டத்தையும் படியுங்கள். 2012-ல் வந்த திருத்தம், நிகழ்த்துகிறவரின் வாசிப்பு வணிகத்துக்குப் பயன்பட்டால் அவருக்கு ராயல்டி உண்டு என்கிறது. நிகழ்த்துகிறவர் என்றால் பாடகர் மட்டுமல்ல, வாத்தியக்காரரும்தான். அடுத்த தடவை யாராவது “ஏதாவது போடுங்க” என்றால், நீங்கள் போட்டதை அன்றைக்கே போனில் பதிவுசெய்து தேதியோடு வைத்துக்கொள்ளுங்கள். சம்பளம் பேசும்போதே பெயர் போடுவார்களா என்றும் கேளுங்கள். முடியாது என்றால், என்ன காரணம் சொன்னார்கள் என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா