முழுப் பணம் கட்டும் முன் சேஸிஸ் நம்பரைக் கேளுங்கள்

வணக்கம் நண்பரே. ஆன்லைனில் புது கார் புக் செய்திருக்கிறீர்கள், வண்டியைக் கண்ணில் காட்டாமலே மீதித் தொகை முழுவதையும் கேட்கிறார்கள், கட்டலாமா என்பதுதானே கேள்வி? இப்போதைக்குக் கட்டாதீர்கள்.

முதலில் உங்களுக்கு ஒதுக்கிய வண்டியின் சேஸிஸ் நம்பரை, அதாவது ஒவ்வொரு வண்டிக்கும் தனியாக உள்ள அடையாள எண்ணை, எழுத்துமூலமாகக் கேளுங்கள். எழுத்தும் எண்ணும் கலந்து மொத்தம் 17 இடங்கள் இருக்கும். ஐ, ஓ, கியூ என்ற மூன்று ஆங்கில எழுத்துகள் அதில் வராது, வந்திருந்தால் தவறான நம்பர். தராமல் மழுப்பினால், பெரும்பாலும் உங்கள் பெயருக்கு இன்னும் வண்டியே ஒதுக்கவில்லை. நம்பர் கிடைத்ததும் தயாரிப்பு நிறுவனத்தையே கூப்பிட்டு எந்த மாதம் தயாரான வண்டி என்று விசாரித்துவிடுங்கள், ஏனென்றால் வண்டிகளை நிறுத்திவைக்கும் யார்டில் மாதக்கணக்கில் வெயிலிலும் மழையிலும் கிடந்த வண்டியும் 'புதுசு' என்றுதான் விற்பனைக்கு வரும்.

அப்புறம், பில் போடுவது நீங்கள் புக் செய்த இணையதளமா, டீலரா? பில்லில் வரும் பெயரில் உள்ள வங்கிக் கணக்குக்கு மட்டும் பணம் அனுப்புங்கள். தனிநபர் கணக்கு என்றால் வேண்டவே வேண்டாம். ரத்து செய்தால் எவ்வளவு திரும்பும் என்பதையும் மின்னஞ்சலில் வாங்கி வையுங்கள், போனில் சொன்னதை நம்பி இருக்காதீர்கள்.

டெலிவரியைப் பகலில் வைத்துக்கொள்ளுங்கள். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும்: 2324 என்றால் 2024ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் தயாரானது. அது காரின் தயாரிப்புத் தேதியைவிட ரொம்பப் பழையதாக இருந்தாலோ, பெயின்ட் ஓரிடத்தில் நிறம் மாறித் தெரிந்தாலோ, காரணம் தெரியும்வரை கையெழுத்துப் போடாதீர்கள்.